‘இன்வென்டிவ் ஸ்டெப்’ என்பதற்கு ‘அருங்கூறு’: ஒரு முன்மொழிவு

சட்டச் சொற்களுக்குத் தமிழாக்கம் தேடும் நம் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

காப்புரிமைக்கு (பேடன்ட்) வேண்டிய தகுதிகளுள் புதுமை, தொழிற்பயன்பாடு என்ற இரண்டு சொற்களையும் அனைவரும் ஏற்றுக்கொண்டோம். கண்டுபிடிப்பு அத்துறையினருக்கு எளிதில் தோன்றிவிடக் கூடாது என்னும் ‘இன்வென்டிவ் ஸ்டெப்’ மட்டுமே எஞ்சியிருக்கிறது. இதற்குக் குழும அன்பர் ஒருவர் முன்மொழிந்த ‘வெளிப்படையின்மை’ ஒளிவுமறைவையே நினைவூட்டுகிறது. சட்டம் கேட்பதோ அதற்கு நேர்மாறானது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, விண்ணப்பதாரர் தம் கண்டுபிடிப்பையும் அதைச் செயற்படுத்தத் தாம் அறிந்த மிகச் சிறந்த முறையையும் முழுமையாக விவரித்தாக வேண்டும். அதற்கு ஈடாகத்தான் 20 ஆண்டு உரிமை கிடைக்கிறது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘கண்டுபிடிப்புப் படி’யும் பொருந்தவில்லை. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த வரையறை இதை ஒரு ‘கூறு’ என்றே சொல்கிறது: ஏற்கெனவே உள்ள அறிவோடு ஒப்பிடுகையில் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ உடையதாய், அதனால் அத்துறையில் தேர்ச்சி பெற்றவருக்கு எளிதில் தோன்றிவிடாததாய் அக்கூறு இருக்க வேண்டும். எளிதில் தோன்றாததை ‘அரு’ என்னும் அடை உணர்த்தும். ‘அருஞ்சொல்’ நமக்குப் பழகிய முன்மாதிரி. ஆகவே ‘அருங்கூறு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

மதுரையில் ஒருவர் சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடும் கைக்கருவி ஒன்றில் மோட்டாரைப் பொருத்துகிறார் என்று கொள்வோம். அவ்வாறு முன்பு எவரும் செய்திராவிட்டால் புதுமை உண்டு, தொழிற்பயனும் உண்டு. ஆனால் கைப்பிடிக்கு மாற்றாக மோட்டார் வைக்கலாம் என்பது எந்தப் பட்டறைக்காரருக்கும் தோன்றக்கூடியது என்பதால், அது மட்டுமே காப்புரிமைக்குப் போதாது. நூலிழை அறாமல் நுண்முடிச்சை இறுக்கும் பிடி ஒன்றை, அத்தொழிலில் பழகியவர்களும் எண்ணியிராத முறையில் அவர் அமைத்திருந்தால், அதுவே அருங்கூறு. (விண்ணப்பிக்கும் முன் அதைக் கடைவீதியில் எல்லோருக்கும் இயக்கிக் காட்டிவிட்டால் புதுமையே கேள்விக்குள்ளாகும் என்பதையும் நம் ஊர்க் கைவினைஞர்களுக்குச் சொல்ல வேண்டும்.)

வரையறையில் வரும், அத்துறையில் தேர்ச்சி பெற்றவரை (‘பர்சன் ஸ்கில்டு இன் தி ஆர்ட்’) ‘கலையில் வல்லவர்’ என்று எழுதுவது தவறான பொருள் தரும். இங்கே பேசப்படுவது தொழில்நுட்பத் துறை, கவின்கலை அன்று. ‘வல்லுநர்’ என்றால் மேதை என்று கருதிவிடுவார்கள். ‘துறைத்தேர்ச்சியர்’ போதும்.

காப்புரிமை விண்ணப்பத்தை மறுக்கும் ஆணையில் ‘இவ்விண்ணப்பத்தில் அருங்கூறு இல்லை’ என்று எழுதினால் தெளிவாகவே இருக்கிறது. ‘அருமை’ இன்று ‘மிக நன்று’ என்ற பொருளிலும் வழங்குவதால் குழப்பம் நேருமா என்பதை, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடும் நம் குழும வழக்கறிஞர்கள் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.