‘கலப்புப் பல்வரிசை’ வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பால்பற்களும் நிலைப்பற்களும் ஒரே வாயில் சேர்ந்திருக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான காலத்திற்குக் (ஆங்கிலத்தில் mixed dentition) ‘கலப்புப் பல்வரிசை’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவைப் பார்த்தேன். அது பிழையான சொல் அன்று. ஆனால் கலப்பு என்றதும் பாலில் தண்ணீர் கலந்த நினைவே பலருக்கும் வரும். ‘பல் மாற்றப் பருவம்’ என்றாலோ, யாரோ பல்லைப் பிடுங்கிவிட்டு வேறு பல் வைத்தது போல, தாத்தாவின் பல்செட்டுக்குப் போய்விடுகிறது.

‘பல்மாறு பருவம்’ என்பதே என் பரிந்துரை. மாறு என்பது தன்வினை. பல் தானாகவே மாறுகிறது. மேலும் இது வினைத்தொகை ஆகையால், மாறிய, மாறுகின்ற, மாறும் என்று முக்காலத்தையும் தன்னுள் அடக்கி நிற்கிறது. எட்டு வயதுக் குழந்தையின் வாயும் அப்படித்தான் இருக்கிறது: வெட்டுப்பற்கள் மாறிவிட்டன அல்லது மாறிக்கொண்டிருக்கின்றன, கோரைப்பற்கள் இனித்தான் மாற வேண்டும். (தயவுசெய்து நடுவில் ‘ப்’ போட்டுவிடாதீர்கள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது.)

இதற்கு ஒரு தடை சொல்லலாம். ஆறு வயதில் பால்பல் வரிசைக்குப் பின்னால் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல் எந்தப் பல்லின் இடத்திற்கும் வருவதில்லை. அங்கே என்ன மாறுகிறது? தடை நியாயமானதுதான். பெயர் பருவத்திற்கு உரியது, ஒவ்வொரு பல்லுக்கும் உரியது அன்று என்று அமைதி கொள்ளலாம். ஆனாலும் அந்தப் பல்லுக்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும். தக்கலையில் என்னிடம் பேத்தியை அழைத்து வந்த பாட்டி ஒருவர், குழி விழுந்து கறுத்திருந்த அந்தப் பல்லைக் காட்டி, “பால்பல்லுதானே டாக்டரே, எளகி விழுந்து மொளைக்கும்லா?” என்று கேட்டார். அது விழுந்தால் மீண்டும் முளைக்காது என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ‘ஆறாம் வயதுக் கடைவாய்ப்பல்’ என்று பெயரிலேயே வயதை வைத்துவிட்டால், அந்த வயதில் தாய்மார் வாயைத் திறந்து பார்ப்பார்கள்.

அடுத்தது, இப்பருவத்தில் செய்யும் அளவீட்டின் பெயர். ஆங்கிலத்தில் analysis என்பதால் அதைப் ‘பகுப்பாய்வு’ என்பது எனக்கு ஒப்பவில்லை. இங்கே எதையும் பகுப்பதில்லை. முளைத்துவிட்ட நான்கு கீழ் வெட்டுப்பற்களின் அகலத்தை அளந்து, ஒரு பக்கத்தில் இன்னும் முளைக்காத கோரைப்பல்லுக்கும் இரண்டு முன்கடைவாய்ப்பற்களுக்கும் எவ்வளவு இடம் தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்கிறோம். டனாகா, ஜான்ஸ்டன் என்ற பல் ஆய்வாளர்கள் இருவர் 1974இல் வகுத்த முறைப்படி, அந்த நான்கின் கூட்டகலம் 23 மி.மீ. என்றால், அதன் பாதியான 11.5உடன் கீழ்த்தாடைக்கு 10.5ஐக் கூட்ட 22 மி.மீ. வரும், மேல்தாடைக்கு 11ஐக் கூட்ட வேண்டும். இது ஐரோப்பிய வழிக் குழந்தைகளை அளந்து பெற்ற கணக்கு ஆகையால், நம் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ செய்யலாம். ஆகவே ‘இடக்கணிப்பு’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். கணிப்பு என்றால் சாதகம் நினைவுக்கு வருமே என்று ஒருவர் நகைக்கக்கூடும்; வந்தால் வரட்டும், இரண்டிலும் வரப்போவதைத்தானே சொல்கிறோம்.

‘பல்மாறு பருவ இடக்கணிப்பு’ நீளமாகத் தோன்றினால், முதலில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டுப் பின்னர் ‘இடக்கணிப்பு’ என்று மட்டும் ஆளலாம்.