கணினி பழுது பில் திரும்பி வந்துவிட்டது – கணக்குத் தலைப்பை எப்படிப் படிப்பது?

தேன்சிட்டு:

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறை அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கணக்குப் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள். போன வாரம் அலுவலகக் கணினிகளைப் பழுது பார்த்த பில்லை 305-02இல், அதாவது அலுவலகச் செலவில் 'இதர சில்லறைச் செலவு' என்ற இடத்தில் போட்டு அனுப்பினேன். '376-02இல் வர வேண்டும்' என்று கருவூலத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். 376இல் எங்களுக்கு ஒதுக்கீடே இல்லை. பிரிவில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். "எந்த ஹெட்டில் (கணக்குத் தலைப்பில்) பணம் இருக்கோ அதுல போடும்மா, எல்லாம் அரசாங்கப் பணம்தானே" என்கிறார்.

செலவு உண்மையாகவே நடந்தது. ரசீது இருக்கிறது. எண் மாறினால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்புறம், இவ்வளவு நீளமான எண்ணை எப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்வது?

பழைய பேரேடு:

வாங்கம்மா. கருவூலத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மூத்தவர் சொன்னதை என் கவுண்டரில் நிறையப் பேர் வாயால் கேட்டிருக்கிறேன். அது தப்பு. ஏன் தப்பு என்பதற்கு முன்னால் எண்ணைப் படிக்கச் சொல்லித் தருகிறேன். படிக்கத் தெரிந்தால் மனப்பாடம் தேவைப்படாது.

உங்கள் பில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளிக்கானது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு இப்படி இருக்கும்: 2202-02-109-ஏஏ-376-02. இடமிருந்து வலமாகப் போங்கள். 2202 பெருந்தலைப்பு, பொதுக் கல்வி. 02 என்றால் அதில் இடைநிலைக் கல்வி. தொடக்கக் கல்வி என்றால் 01 வந்திருக்கும். 109 சிறுதலைப்பு, அரசு இடைநிலைப் பள்ளிகள். அரசு சாராப் பள்ளிகளுக்குக் கொடுக்கும் உதவி என்றால் 110. ஏஏ என்ற இரண்டு எழுத்து, எந்தத் திட்டம் என்று சொல்கிற உட்தலைப்பு. கடைசியில் 376-02, கணினியும் துணைக்கருவிகளும், அதில் பராமரிப்பு. எந்தப் பணிக்கு, அதில் எந்தக் கிளைக்கு, எந்தத் திட்டத்தில், என்ன பொருளுக்கு என்று கேள்விகள் வரிசையாக இருக்கின்றன. எண் அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறது.

முதல் இலக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. 0 அல்லது 1 என்றால் வருவாய் வரவு. 2, 3 வருவாய்ச் செலவு. 4, 5 மூலதனச் செலவு. 6, 7 கடன். 8 வந்தால் எதிர்பாராச் செலவு நிதி, பொதுக் கணக்கு. இப்போது கல்வியை எடுங்கள். கல்வியில் வரும் வருமானம் 0202. இரண்டைக் கூட்டினால் 2202, அன்றாடச் செலவு. இன்னும் இரண்டைக் கூட்டினால் 4202, பள்ளிக் கட்டடம் போன்ற மூலதனச் செலவு. இன்னும் இரண்டு கூட்டினால் 6202, கல்விக்காகக் கொடுத்த கடன். மருத்துவத்துக்கும் 0210, 2210, 4210, 6210 என்று அப்படியேதான். நான்கு எண்ணைத் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. ஒன்று தெரிந்தால் மற்ற மூன்றும் தானாக வரும். (செலவுப் பக்கத்தில் 2203 தொழில்நுட்பக் கல்வி, 2204 விளையாட்டு, 2205 கலை, பண்பாடு என்று பிரியும். 0202, 4202 இரண்டிலும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.)

8இல் தொடங்கும் பொதுக் கணக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 8009 வருங்கால வைப்பு நிதி, 8443 சிவில் வைப்புகள். அங்கே இருப்பது அரசிடம் மற்றவர்கள் நம்பி விட்டிருக்கும் பணம். "எல்லாம் அரசாங்கப் பணம்தானே" என்கிறவர், தன் வருங்கால வைப்பு நிதியையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சம்மதிப்பாரா?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கல்விக்கு 277, மருத்துவத்துக்கு 280. மூன்று இலக்கம்தான். 1987 ஏப்ரல் 1இல் நாடு முழுக்க நான்கு இலக்கம் வந்தது. கை பழக்கத்தில் 277 என்றே எழுதும். ஒவ்வொரு பில்லையும் இரண்டு தடவை பார்த்துத்தான் பதிவோம். ஆனால் அந்த மாற்றம் வந்த பிறகுதான், 0, 2, 4, 6 என்று ஒரு பணியின் முழு வரவு செலவையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது என்பது எனக்கு உறைத்தது.

பெருந்தலைப்பிலிருந்து சிறுதலைப்பு வரைக்கும் மத்திய அரசுக்கும் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே எண். அரசியலமைப்பின் 150ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் வகுக்கும் வடிவத்தில்தான் கணக்கு வைக்க வேண்டும். நம் 109தான் கேரளத்துக்கும் 109. அதற்குக் கீழேதான் அந்தந்த மாநிலத்தின் வழக்கம்.

சரி, யாருக்கு நஷ்டம்? உங்களுக்குத்தான் அம்மா. இந்த வருடம் கணினிப் பழுதை 305-02இல் போட்டால், வருடக் கடைசியில் 376இல் செலவு பூஜ்யம் என்று நிற்கும். அடுத்த வருட மதிப்பீடு தயாரிக்கிறவர் எதைப் பார்ப்பார்? போன வருடங்களின் செலவைத்தான். 376 தேவையில்லை என்று மறுபடியும் ஒன்றும் ஒதுக்கமாட்டார். உங்கள் அலுவலகத்தில் ஒதுக்கீடு இல்லாமல் போனதே இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் 305இல் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எத்தனை கணினி பழுதாகிறது, புதிது வாங்குவதே மேலா என்று துறையில் யாராவது கணக்குப் பார்க்க நினைத்தாலும் அந்தச் செலவு கண்ணில் படாது.

தொண்ணூறுகளில் ஒரு தடவை, ஆசிரியர்களுக்கான 2202 சம்பளப் பில் ஒன்றை மாதக் கணக்கில் 2204 என்று ஏற்றிவிட்டோம். ஒரே ஒரு இலக்கம். பணம் சரியாகப் போய்ச் சேர்ந்ததால் யாரும் புகார் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, மாநிலக் கணக்காயர் அலுவலகத்தோடு ஒத்துப் பார்க்கும்போது, விளையாட்டுத் தலைப்பில் ஒதுக்கீட்டுக்கு மேல் செலவு, கல்வித் தலைப்பில் அதே தொகைக்கு மிச்சம். மூன்று மாதப் பேரேட்டையும் புரட்டி அந்தப் பில்லைக் கண்டுபிடித்து, மாற்றுப் பதிவுக்கு எழுதி, வருடக் கணக்கு முடிவதற்குள் திருத்தினோம். மார்ச் தாண்டியிருந்தால், சட்டமன்றம் விளையாட்டுக்குத் தராத பணத்தை விளையாட்டுக்குச் செலவழித்ததாகவே நின்றிருக்கும். அப்படி ஒரு செலவு நடக்கவே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: 376-02இல் இவ்வளவு தேவை என்று உங்கள் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் வையுங்கள். ஒரே மானியக் கோரிக்கைக்குள் (சட்டமன்றத்தில் ஒரு துறைக்கென்று பணம் கேட்கும் கோரிக்கை) மறுநிதி ஒதுக்கம் செய்ய, அதாவது ஒரு தலைப்பில் மிஞ்சும் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற, வழி இருக்கிறது. வருவாயிலிருந்து மூலதனத்துக்கு அப்படி மாற்ற முடியாது. உங்களுடையது இரண்டும் வருவாய்ச் செலவுதான். கடிதத்தோடு கருவூலம் திருப்பிய குறிப்பின் நகலையும் வையுங்கள்.

செங்குறி:

தணிக்கைப் பக்கத்திலிருந்து வருகிறேன். பேரேடு ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: 800. ஏறக்குறைய எல்லாப் பெருந்தலைப்பின் கீழும் 'இதரச் செலவுகள்', 'இதர வரவுகள்' என்று இந்தச் சிறுதலைப்பு உண்டு. வேறு இடமே இல்லாதபோது பயன்படுத்த வேண்டியது. சோம்பலுக்கு அதில் போய்ப் போட்டுவிடுகிறார்கள். மாநில நிதிநிலை பற்றிய தணிக்கை அறிக்கைகளில் இதை வருடந்தோறும் சுட்டிக்காட்டுகிறோம். பெரிய தொகை 800இல் கிடந்தால், அந்தப் பணம் எதற்குப் போனது என்று கணக்கைப் படிக்கிறவருக்குச் சொல்லவே முடியாது. 305-02 உங்கள் அலுவலகத்தின் 800 மாதிரி. அதில் கை வைக்கும் முன் தலைப்புகளின் பட்டியல் முழுவதையும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று, பெரிய அளவில் நடப்பது. ஒரு அமைப்புக்கு மானியம் கொடுத்தால், அவர்கள் அதில் கட்டடமே கட்டினாலும், கொடுக்கும் அரசின் கணக்கில் அது வருவாய்ச் செலவுதான். அரசுக் கணக்குத் தரம் 2 அப்படித்தான் சொல்கிறது. இதை 4இல் தொடங்கும் தலைப்பில் போட்டால் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது வருவாய் வரவைவிட வருவாய்ச் செலவு கூடுதலாக இருக்கும் தொகை, குறைந்ததாகத் தெரியும். முதல் இலக்கம் ஒன்று மாறுவதால் ஒரு மாநிலத்தின் நிதிநிலையே வேறாகத் தோன்றும். எனக்கு இது வேலையையும் தாண்டிய கவலை.

சலான்:

நான் அரசு ஊழியர் இல்லை. இணையத்தில் ஒரு கட்டணம் கட்டும்போது தவறான துறையின் தலைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பணம் போய்விட்டது, விண்ணப்பித்த அலுவலகமோ வரவில்லை என்கிறது. என்ன செய்ய?

பழைய பேரேடு:

சலான், பணம் தொலையவில்லை. அரசுக்குள்தான் வேறு வரவுத் தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது. எந்தத் துறையின் தலைப்பில் விழுந்ததோ அந்தத் துறைக்கு, சலான் நகலோடு திருப்பித் தரக் கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். அவர்கள் ஆணை போட்ட பிறகு, அதே வரவுத் தலைப்பின் கீழ் 900 என்ற சிறுதலைப்பில் கழித்துக்கொண்டு உங்களுக்குத் தருவார்கள். சரியான தலைப்பில் புதிதாக ஒருமுறை கட்டிவிடுங்கள், உங்கள் வேலை நிற்க வேண்டாம்.

தேன்சிட்டு:

ஐயா, நன்றி. நேற்று மூன்று வருடப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே. மூன்று வருடமும் கணினிப் பழுது 305-02இல்தான் இருக்கிறது. வருடவாரியாகத் தொகையைக் கூட்டி, கடிதத்தில் இணைத்து அனுப்பிவிட்டேன். மூத்தவரிடமும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு சந்தேகம். ஒரு ஆசிரியருக்குப் போன நிதியாண்டில் அதிகமாகக் கொடுத்த சம்பளத்தை இப்போது பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளத் தலைப்பிலேயே வரவு வைத்துவிடலாமா?

பழைய பேரேடு:

இந்த வருடத்துச் சம்பளம் என்றால் அதே தலைப்பில் செலவைக் குறைத்துவிடலாம். போன வருடத்தது என்பதால் 2202-02இல் 911, அதிகப்படியாகக் கொடுத்ததை மீட்டது. அந்த வருடக் கணக்கு முடிந்துவிட்டது, அதைத் தொடக்கூடாது. இந்த வருடச் சம்பளச் செலவும் உள்ளபடியே இருக்க வேண்டும். சலானில் எந்த மாதத்துச் சம்பளம் என்று மறக்காமல் எழுதுங்கள்.