நீல உடை இளவரசியின் முகத்தில் சோகம் இருக்கிறதா?

அச்சுப் பிரதிகளில் மட்டுமே பார்த்துப் பழகியிருந்த ஸ்பானிய இளவரசி மார்கரீட்டா தெரேசாவின் உருவப்படத்தை, வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்தபோது முகத்துக்கு முன்பே உடைதான் என் கண்ணை இழுத்தது. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1659இல், தம் மறைவுக்கு முந்தைய ஆண்டில் தீட்டிய படம் இது. கித்தானை நெருங்கிப் பார்த்தால் வெள்ளிச் சரிகை என்று எதுவுமே இல்லை. சாம்பலும் வெள்ளையுமாக விறுவிறுவென்று இழுத்துவிட்ட தீற்றல்களும் ஆங்காங்கே ஒற்றியெடுத்த பொட்டுகளும்தான் இருக்கின்றன. சில அடிகள் பின்னால் நகர்ந்ததும் அவையே பட்டாகவும் சரிகையாகவும் கூடிக்கொள்கின்றன. முகத்தில் இந்த வேகம் கிடையாது. அங்கே வண்ணம் மென்மையாக இழைக்கப்பட்டு, கன்னத்தின் விளிம்பு கூந்தலுக்குள் கரைந்துபோகிறது.

இந்த முகத்தைச் சோகமானது என்று பலரும் சொல்வதுண்டு. வியன்னாவிலிருந்து ஆண்ட தாய்மாமனான பேரரசர் லியோபோல்டுக்கு நிச்சயிக்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமி, வியன்னாவுக்கு அனுப்புவதற்கென்றே வரையப்பட்ட படம், 1673இல் இருபத்தொரு வயதில் மரணம் என்ற வரலாற்றை அறிந்தபின் அப்படித் தோன்றாவிட்டால்தான் வியப்பு. ஆனால், தெரிந்த கதையைச் சற்றே ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மூடிய வாயும் நேர்ப்பார்வையும் துயரத்துக்குச் சாட்சி சொல்லப் போதுமானவை அல்ல. எனக்கு இறுக்கம் தெரிந்தது கைகளில்தான். பாவாடை அவ்வளவு அகலமாக விரிந்திருப்பதால் கைகளை இயல்பாகத் தொங்கவிட அவளுக்கு இடமில்லை. உடலைவிட்டு விலகி, உடையின் மேலேயே அவை படிந்திருக்கின்றன. அந்தச் சிறு கைக்குப் பெரிதாகத் தெரியும் குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் பழுப்பு மென்மயிர் உறை ஒன்றையும் பிடித்திருக்கிறாள். குழந்தையை அரச முறைமைக்குள் நிறுத்திவைத்த சிரமத்தை ஓவியர் அங்கேதான் காட்டியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

*

மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடே. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்பானிய ஓவியர் கோயா தீட்டிய, சிவப்பு உடைச் சிறுவன் மனுவேல் ஒசோரியோவின் படத்தைப் பார்த்தபோது எனக்கும் இதுவே தோன்றியது. கயிற்றில் கட்டிய மாக்பை பறவையைப் பிடித்து நிற்கும் அவனுடைய வெளிறிய முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை. பறவையின் அலகில் ஓவியரின் பெயர் அட்டை இருப்பது கோயாவின் குறும்பு. அச்சுறுத்தலெல்லாம் பறவையையே வெறிக்கும் பூனைகளிடம் இருக்கிறது. அவற்றுள் மூன்றாவது, பின்னிருளில் ஏறத்தாழ முழுவதும் மறைந்திருக்கிறது. மங்கலான நகல்களில் அது காணாமலே போய்விடுவதால், அவற்றை மட்டும் பார்த்தவர்கள் இதை அழகான குழந்தைப் படம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.