நாலு மாசத்துல மூணு கார்டு, ஸ்கோர் இறங்கிருச்சு

கேள்வி:
நாலு மாசத்துல மூணு கிரெடிட் கார்டு வாங்கிட்டேங்க, ஒரு பில்லு கூட லேட் ஆனதில்ல, ஆனா கிரெடிட் ஸ்கோர் இறங்கிருச்சு. அடுத்த வருஷம் வீட்டு லோன் போடணும், ரொம்ப பயமா இருக்கு. ரெண்டை க்ளோஸ் பண்ணிடவா?

பதில்:
அவசரப்பட்டு க்ளோஸ் பண்ணாதீங்க. நீங்க அப்ளை பண்ற ஒவ்வொரு தடவையும் பேங்க் உங்க ரிப்போர்ட்டை எடுத்துப் பாக்கும்ல, அதான் ஹார்ட் என்கொயரி, ஃபைகோ ஸ்கோர்ல (அமெரிக்காவுல லோன் குடுக்கறவங்க பாக்குற கிரெடிட் ஸ்கோர்) ஒண்ணுக்கு பெரும்பாலும் 5 பாயிண்டுக்குள்ளதான் போகும், ரிப்போர்ட்ல 2 வருஷம் கிடந்தாலும் ஸ்கோருக்கு 12 மாசம்தான் கணக்கு. அதோட கார்டுகளோட சராசரி வயசும் குறையும், 6 வருஷ கார்டு ஒண்ணு இருந்து புதுசா மூணு சேந்தா சராசரி ஒன்றரை வருஷம் ஆயிடும். க்ளோஸ் பண்ணா என்கொயரி அழியாது, லிமிட்தான் போகும்.

பதில்:
அந்த லிமிட்தாங்க பெரிய விஷயம். லிமிட் 100, பாக்கி 40ன்னா 40 சதவீதம், புது கார்டெல்லாம் சேந்து லிமிட் 400 ஆச்சுன்னா அதே பாக்கி வெறும் 10 சதவீதம், இது குறைவா இருந்தா ஸ்கோருக்கு நல்லது. ஃபைகோல கடன் பாக்கி பகுதிக்கு 30 சதவீத வெயிட், புதுக் கடனுக்கு 10தான். செலவை ஏத்தாம இருங்க, அது போதும்.

கேட்டவர்:
இப்பதான் நிம்மதியா இருக்கு, ரொம்ப நன்றிங்க. இன்னொரு கார்டு ஆஃபர் வந்திருக்கு, எடுக்கலாமா?

பதில்:
வேணாங்க, வீட்டு லோன் கைக்கு வர்ற வரைக்கும் எதுக்குமே அப்ளை பண்ணாதீங்க.