கொலம்பியாவின் வட்டார இசை ஆல்பங்கள்: பரிந்துரை தேவை

அனைவருக்கும் வணக்கம். கொலம்பியாவின் வட்டார இசையை, சிறிய நிறுவனங்களும் இசைக்குழுக்களும் தாங்களே பதிவுசெய்து வெளியிட்ட ஆல்பங்களின் வழியாகக் கேட்க விரும்புகிறேன். இதில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கரீபியன் கரையின் கும்பியா என்ற நடன இசை எனக்கு ஓரளவு அறிமுகம். 1934-இல் கார்த்தஹேனாவில் தொடங்கப்பட்ட டிஸ்கோஸ் ஃபுவெந்தெஸ் நிறுவனத்தின் நடனக்குழுப் பதிவுகளைவிட, சான் ஹசின்தோ பகுதியின் கைத்தா குழலிசையே என்னை அதிகம் ஈர்க்கிறது. கள்ளித் தண்டைக் குடைந்து செய்யும் அந்த நீண்ட குழலின் தலைப்பகுதியைத் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து பிடித்து, பறவை இறகின் தண்டை ஊதுவாயாகச் செருகுகிறார்கள். ஐந்து துளையுள்ள பெண் குழல் மெட்டை வாசிக்க, ஆண் குழலை ஒரு கையால் வாசிப்பவர் மறுகையால் மராக்கா என்ற கிலுகிலுப்பையையும் குலுக்குகிறார். புதிய தொகுப்புகள் சிலவற்றில் மின்னணுத் தாளம் இவ்விரு குழல்களின் உரையாடலையே அமுக்கிவிடுகிறது. அப்படிப்பட்டவை எனக்கு வேண்டாம்.

முக்கியமாக உதவி தேவைப்படுவது பசிபிக் கரையின் குர்ருலாவோ பற்றித்தான். சோந்தா பனைச் சட்டங்களைக் கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பாவும், குனுனோ, பொம்போ முரசுகளும், பெண்களின் கூட்டுக்குரலும் சேர்ந்த இந்த இசை 2010-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. திம்பிக்கி, தூமாகோ, குவாப்பி போன்ற ஊர்களிலேயே பதிவான ஆல்பங்கள் எவை? புனிதர்களுக்கான அர்ருய்யோ பாடல்களையும் இறப்புச் சடங்கின் அலபாவோ பாடல்களையும் தனித்தனியே தொகுத்தவை உண்டா? பாடல் வரிகளும் கலைஞர்கள் பற்றிய குறிப்பும் உள்ள பதிப்புகளாக இருந்தால் நல்லது. பணம் இசைக்கலைஞர்களுக்கே நேரடியாகச் சேரும்படி வாங்கும் வழி தெரிந்தவர்கள் அதையும் குறிப்பிடுங்கள்.