வளரும் நாடுகளுக்கான நிதியுதவி: தரவு பிரிக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. முதுகலைப் பொருளாதார மாணவர்களுக்கு வெளிநாட்டு நிதியுதவி பற்றிப் பாடம் தயார் செய்கிறேன். ஓரிடத்தில் நிற்கிறது, தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-லேயே சொன்னது. 2024-ல் அதை எட்டியவை நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்சம்பர்க் மட்டும்தான். பிரிட்டன் 2021-ல் 0.5-க்கு இறங்கியது, 2027-ல் 0.3 ஆகுமாம். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1-உடன் முடிந்தே போனது. இப்படிப்பட்ட உதவியை நம்பி மலாவியில் மாதாமாதம் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கப் போகிறவரை நினைத்தால் மனசு கனக்கிறது.

சிக்கல் என்னவென்றால், நன்கொடை நாடு தன் மண்ணிலேயே அகதிகளுக்குச் செய்யும் முதல் வருடச் செலவும் உதவிக் கணக்கில்தான் ஏறுகிறது. சலுகைக் கடனில் மானியத்துக்குச் சமமான பகுதியும் (குறைந்த வட்டி போன்ற சலுகையால் இலவசமாகக் கிடைப்பதற்கு ஈடான பகுதி) அப்படித்தான். இவற்றைக் கழித்துவிட்டு, ஏழை நாட்டுக்குள் நிஜமாகப் போய்ச் சேர்ந்த பணத்தை வருடவாரியாகக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாணவர்களுக்குப் பொய்க் கணக்கைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஓஇசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) தரவுத்தளத்தில் பழகியவர்களே, ‘கன்ட்ரி புரோகிராமபிள் எய்ட்’ (பெறும் நாடு திட்டமிட்டுச் செலவிடக்கூடிய உதவி) என்ற வகையை எடுத்தாலே போதுமா? பணக்கார நாடுகளிடம் பணம் வாங்கி ஏழை நாடுகளுக்கு உதவும் உலக வங்கிப் பிரிவான ஐடிஏ வழியாகப் போகும் தொகையை இரண்டு முறை கூட்டிவிடாமல் எப்படித் தவிர்ப்பது? எக்செல் கோப்பு இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.

ஆப்பிரிக்க நாடுகளில் சுகாதாரத் திட்டங்களில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், 2025-க்குப் பிறகு கிளினிக்குகளில் கண்ட மாற்றத்தை நாலு வரி எழுதுங்கள். அடுத்த வாரம் வகுப்பு.