தனிப்பட்ட மார்க்கப்புகளை ஏபிஐ வழியாகப் பொதுவாக்கியபோது நடந்தவை: உங்களுக்கும் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

கட்டுமான வரைபடங்களில் மார்க்கப், அதாவது கோப்பின் மேலேயே குறிப்பு, போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு வட்டம் போட்டுக் குறிப்பு எழுதினால் அது முதலில் போட்டவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், வெளியிட்ட பிறகுதான் மற்றவர்கள் பார்க்க முடியும். ப்ரோகோர், ஆட்டோடெஸ்க் பில்ட் இரண்டிலும் இப்படித்தான். நாங்கள் பயன்படுத்தியது வேறொரு மென்பொருள், ஆனால் முறை இதேதான்.

எங்கள் குழுவில் ஸ்ட்ரக்சுரல் (கட்டமைப்பு) வரைபடங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் வேறு திட்டத்துக்கு மாற வேண்டியிருந்தது. ஏழு மாதமாக அவர் எழுதிய குறிப்புகள் முன்னூறுக்கும் மேற்பட்ட தாள்களில் தனிப்பட்ட மார்க்கப்பாகவே கிடந்தன. ஒவ்வொரு தாளாகத் திறந்து வெளியிட்டால் ஒரு வாரம் போய்விடும், ஏபிஐ (ஒரு நிரல் மென்பொருளோடு நேரடியாகப் பேசும் வழி) வழியாகவே மாற்றலாம், நான் ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன் என்று நான்தான் முன்வந்தேன்.

முதல் நாளே முட்டிக்கொண்டேன். சர்வீஸ் கணக்கின் (நிரலுக்கென்றே உள்ள கணக்கு) டோக்கனை, அதாவது அனுமதிச் சாவியை, வைத்து மார்க்கப் பட்டியலைக் கேட்டால் பதில் 200, அதாவது கோரிக்கை சரி, ஆனால் பட்டியல் காலி. 403 (அனுமதி இல்லை) வந்திருந்தால் அனுமதிப் பிரச்சினை என்று அப்போதே புரிந்திருக்கும். காலியாக வந்ததால் தாள் எண்ணைத் தப்பாகக் கொடுக்கிறேனோ என்று பாதி நாள் அதையே தோண்டிக்கொண்டிருந்தேன். நான் எடுத்தது ஓஆத் 2.0 என்ற அனுமதி முறையில் கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ் வகை டோக்கன், அதாவது அதற்குப் பின்னால் ஆள் யாரும் கிடையாது. தனிப்பட்ட மார்க்கப், அதைப் போட்டவருக்கு மட்டுமே சொந்தம் என்பதால் சர்வர் அதை இல்லாததாகவே காட்டிவிட்டது. நிர்வாகி உரிமை கொடுத்துப் பார்த்தேன், அப்போதும் காலிதான். கடைசியில் அந்தப் பொறியாளரே லாகின் செய்து சம்மதம் கொடுத்து, அந்த டோக்கனில் கேட்டபோதுதான் எல்லாம் வந்தன. அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் ஒருவர் தனக்காக எழுதி வைத்ததை அவருக்குத் தெரியாமல் நிர்வாகிகூடத் திறக்க முடியாது என்பது சரியான ஏற்பாடு என்றே இப்போது நினைக்கிறேன்.

அடுத்தது முழுக்க என் தப்பு. பார்வை நிலை (யார் பார்க்கலாம்) என்ற ஒரு புலத்தை மட்டும் வைத்து புட் கோரிக்கை அனுப்பினேன். புட் என்றால் பழையதை எடுத்துவிட்டு அனுப்பியதை அப்படியே வைப்பது, ஒரு பகுதியை மட்டும் மாற்றத்தான் பேட்ச் இருக்கிறது (2010-இல் வந்த ஆர்எஃப்சி 5789 என்ற இணையத் தர ஆவணம்). தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் விட்டுவிட்டேன். மார்க்கப் பொதுவானது, கூடவே அதோடு இணைத்திருந்த ஆர்எஃப்ஐ (விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதம்) தொடர்பும் காணாமல் போனது. நல்லவேளை, ஒரே ஒரு தாளில்தான் சோதித்திருந்தேன், அப்புறம் கையாலேயே திரும்ப இணைத்துவிட்டோம்.

மறுமொழி, ஒரு தளப் பொறியாளரிடமிருந்து:

நண்பரே, நான் இதன் மறுமுனையில் இருந்தவன், அதனால் எழுதுகிறேன். எங்கள் திட்டத்தில் ஒருவர் ஸ்கிரிப்ட் ஓட்டி ஒரு தொகுப்பு முழுவதையும் பொதுவாக்கிவிட்டார். அதில் ஒரு ஸ்லாப் (கான்கிரீட் தளம்) தாளில் 150 மி.மீ. கம்பி இடைவெளிக்குப் பக்கத்தில் '200 போதும்?' என்று டிசைனர் தனக்காக எழுதியிருந்த குறிப்பும் வெளியே வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குறி அச்சில் மங்கிப்போய் '200 போதும்' என்பது போலத் தெரிந்தது. தப்பு தெரிந்து அவர்கள் பத்து நிமிடத்தில் ஏபிஐ வழியாகத் திரும்பவும் தனிப்பட்டதாக மாற்றிவிட்டார்கள், திரையில் மறைந்துவிட்டது. ஆனால் அதற்குள் அறிவிப்பு மின்னஞ்சல் எல்லோருக்கும் போயிருந்தது, ஒரு மேற்பார்வையாளர் மார்க்கப்போடு சேர்த்து பிடிஎஃப் இறக்கி அச்சடித்துத் தளத்துக்கும் கொடுத்துவிட்டார். ஒரு பகுதியில் 200-இல், அதாவது வேண்டியதைவிடக் குறைவாக, கம்பி கட்டியும் விட்டார்கள். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் கம்பி சரிபார்க்கும்போது நான் டேப் வைத்து அளந்ததால் பிடிபட்டது. அந்த இடத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. தயவுசெய்து இரு பக்கமும் மாற்றக்கூடிய சுவிட்ச் என்று இதை நினைக்காதீர்கள்.

மறுமொழி, பிடிஎஃப் நிரலாக்கம் செய்பவரிடமிருந்து:

மேலே சொன்னதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இறக்கிய பிடிஎஃப்பில் மார்க்கப்பைப் பக்கத்தோடு சமப்படுத்தியிருந்தால் (ஃபிளாட்டன்) அது வரைபடத்தின் கோடுகளோடு கோடாகக் கலந்துவிடும், பிரித்தெடுக்க வழியில்லை. சமப்படுத்தாமல் தனிக் குறிப்பாக விட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி எண் இருக்கும்: 2 என்றால் மறைவு, 4 என்றால் அச்சில் வரும், 32 என்றால் திரையில் தெரியாது. எண்களைக் கூட்டி வைக்கலாம், ஆகவே 36 என்று இருந்தால் திரையில் ஒன்றுமே தெரியாது, அச்சடித்தால் மட்டும் வந்து நிற்கும். இப்படி ஒரு கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு பிரிண்டர்தான் கோளாறு என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். இன்னொன்று, மறைவு என்று கொடுத்தாலும் எழுத்து கோப்புக்குள்ளேயே இருக்கும், தேடத் தெரிந்தவர் படித்துவிடலாம்.

தொடங்கியவர் மீண்டும்:

தளப் பொறியாளர் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று சொல்லியாக வேண்டும், நாங்களும் அந்த இடத்துக்கு மிக அருகில் போய்த் திரும்பியவர்கள்தான். முழுதாக ஓட்டுவதற்கு முன் எதையும் மாற்றாமல் பட்டியலை மட்டும் எடுத்து, தாள் எண், திருத்த எண் (வரைபடத்தின் எத்தனையாவது பதிப்பு), குறிப்பு என்று எக்செல்லில் போட்டு அந்தப் பொறியாளரிடம் கொடுத்தேன். அவர் ஒரு பிற்பகல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதிக்கும் குறைவானவற்றுக்குத்தான் 'வெளியிடலாம்' என்று குறியிட்டார். மற்றவை பழைய திருத்தத்தின் மேல் எழுதியவை, இல்லையென்றால் அவரே பதில் கண்டுபிடித்துக் கடந்துபோனவை. குறியிட்டவற்றை மட்டும் பேட்ச் செய்தோம், ஒவ்வொன்றின் பழைய நிலையையும் ஜேசன் கோப்பாகச் சேமித்துக்கொண்டு. நடுவில் 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) வந்தது, பதிலோடு வரும் ரிட்ரை-ஆஃப்டர் சொன்ன நேரம் காத்திருந்தால் போதும், பெரிய விஷயமில்லை. அறிவிப்பு மின்னஞ்சலை மட்டும் அன்று நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டோம்.

எங்கள் பொறியாளர் கூப்பிடும் தூரத்தில் இருந்ததால் இது நடந்தது. வேலையை விட்டே போய்க் கணக்கும் மூடப்பட்ட ஒருவரின் தனிப்பட்ட மார்க்கப்புகளை யாராவது மீட்டிருக்கிறீர்களா, அப்போது யாரிடம் சம்மதம் வாங்கினீர்கள்?